கண்ணாடிக்கு உள்பக்கம்

துடைத்தும் அது போகவில்லை.

றம்லா துணியை மறுபடி நனைத்துப் பிழிந்து, இன்னொரு தடவை அழுத்தித் துடைத்தாள். அஸர் தொழுதுவிட்டு வந்த நேரம். அடுப்புப் புகை படிந்த குசினியின் மேற்கு யன்னலால் வெயில் சரிந்து விழுந்து கொண்டிருந்தது. வெளியே வறண்ட கச்சான் காற்று தென்னோலைகளை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு விடாமல் இரைந்தது. குளிர்ப்பெட்டியின் கண்ணாடிக் கதவு மற்ற இடமெல்லாம் பளிச்சென்று இருந்தது. கீழ்ப்பாதியில் மட்டும், தேநீர்க் கோப்பை வைக்கும் தட்டு அளவுக்கு, ஒரு வட்டம் வெள்ளையாக மங்கியிருந்தது. விரலை வைத்துப் பார்த்தாள். விரல் நனையவில்லை. நகத்தால் சுரண்டினாள். நகம் வழுக்கிக்கொண்டு போனது. அந்த மங்கல் கண்ணாடிக்கு உள்பக்கம் இருந்தது.

பெரிய விஷயம் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு யோசித்தாள். குளிர்ந்த போத்தலுக்கு வெளியேதான் தண்ணீர் பூக்கும். வெளிச்சூடு குளிரில் வந்து படுவதால் அப்படி. உள்ளே குளிர், வெளியே சூடு என்றால் மங்கல் வெளிப்பக்கம் அல்லவா வர வேண்டும்? பள்ளிக்கூடத்தில் படித்தது அப்படித்தான் ஞாபகம். ஆனால் தன் ஞாபகத்தை அவள் ஒருநாளும் முழுதாக நம்பியதில்லை. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள், மூன்று றக்அத்தா நான்கா என்று சந்தேகப்பட்டுத் தொழுகையைத் திருப்பித் தொழுகிறவள். ஆகவே கொப்பியை எடுத்து எழுதிவைத்தாள்: 'அஸருக்குப் பின். கண்ணாடி, உள்பக்கம்.'

அந்தக் கொப்பி மகள் நதீராவுடையது. நதீராவுக்கு ஆறு வயது. நாலரை வயதில் திடீரென்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, எலும்பும் தோலுமாகி, ஒரு விடியற்காலை மயங்கிக் கிடந்தவளைக் கல்முனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சீனி வருத்தம் என்றார் டொக்டர். இந்த வயதிலுமா என்று கேட்டதற்கு, இந்த வயதில் வந்தால் குளிசை சரிவராது, காலையும் மாலையும் இன்சுலின் ஊசிதான், ஒரு நாள் தவறினாலும் ஆபத்து என்றார். மருந்தைக் குளிராக வைத்திருக்க வேண்டும். ஆனால் உறைய விடக் கூடாது. உறைந்தால் அது வெறும் தண்ணீர்.

அன்றிலிருந்து றம்லா ஈரத்துணி சுற்றிய மண்முட்டிக்குள் மருந்துக் குப்பியை வைத்துக் காத்தாள். கச்சான் காலத்தில் அந்தத் துணி ஒரு மணித்தியாலத்துக்குள் காய்ந்துவிடும். ஒரு குப்பி கெட்டுப்போனது எப்போது என்று தெரியாமலே நான்கு நாள் ஊசி போட்டிருந்தாள். அந்த நான்கு நாளையும் கொப்பியில் சிவப்பு மையால் வளைத்து வைத்திருந்தாள்.

அதனால்தான் பொத்துவிலுக்குப் போனார்கள். சூறாவளி அடித்து ஒன்றரை வருடம் ஆகியும் கூரை போடாமல் கிடந்த ஓர் உல்லாச விடுதியில் சாமான்கள் விற்கிறார்கள் என்று, புருசன் முத்தலிப்பின் கூட்டாளி பளீல் தன் லொறியில் ஏற்றிப் போனான். விடுதியைப் பார்த்துக்கொண்டிருந்த கனகரெத்தினம் என்ற வயதான சமையற்காரர், பின்னறையில் இரண்டு பெட்டிகளைக் காட்டினார். ஒன்று ஆளுயரப் பிரிஜ். மற்றது இடுப்பளவு உயரம், கரிய நிறம், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு. உள்ளே மூன்று மரத்தட்டுகள். ஒவ்வொன்றிலும் போத்தலைச் சாய்த்துப் படுக்கவைக்க மூன்று குழிவுகள்.

"தங்கச்சி, இது ஐஸ் கட்டாது. வெள்ளைக்காரன் வைன் போத்தல் வைக்கிறத்துக்கெண்டு கப்பல்ல எடுப்பிச்சது" என்றார் கனகரெத்தினம். "கிணத்தடி நிழல் மாதிரி ஒரே குளிர். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. ஐஸ் வேணுமெண்டா அந்தப் பெரிசை எடுங்க."

"வைன் பெட்டியா?" என்று பளீல் சிரித்தான். "முத்தலிப் மச்சான், நாளைக்குப் பள்ளியில, ஜும்ஆத் தொழுகையில லெப்பை ஒங்களப் பத்தித்தான் பயான் பண்ணுவார்."

றம்லா சிரிக்கவில்லை. ஜெனரேற்றரைப் போடச் சொல்லி, கையோடு கொண்டுபோயிருந்த வெப்பமானியைப் பெரிய பிரிஜ்ஜில் ஒரு மணி நேரம் வைத்தாள். மேலே சூடு, பின்சுவரில் பனிக்கட்டி. பிறகு சின்னதில் வைத்தாள். மேல்தட்டு பன்னிரண்டு, நடுத்தட்டு பன்னிரண்டு, கீழ்த்தட்டு பன்னிரண்டு. கதவைத் திறக்காமலே கண்ணாடியால் வாசிக்க முடிந்தது.

"இதுதான்" என்றாள்.

முத்தலிப் தலையைச் சொறிந்தான். "ஒங்கட ராத்தா ஊரக் கூட்டப் போறாகா."

"ராத்தாவா வந்து புள்ளைக்கு ஊசி போடுறா?"

"நான் ஒண்டும் செல்லல்ல. எடுங்க."

பெட்டியின் ஒரு பக்கத்தில் கரிய சாயம் தேய்ந்திருந்தது. என்னவென்று கேட்டதற்கு, துரையின் நாய் குளிருக்காக அதில் சாய்ந்துகொண்டு படுக்கும் என்றார் கனகரெத்தினம். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நல்லது என்று றம்லா பின்னாளில் பல தடவை நினைத்தாள்.

ஏனென்றால் ராத்தா நபீஸா, றம்லாவின் மூத்த சகோதரி, வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி, பெட்டி லொறியால் இறங்கும்போதே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி இது? சாராயக்கடை அலுமாரியக் கொணந்து எறக்கிரிக்காய்!"

"சாராயம் இல்ல ராத்தா, வைன்."

"ஓ, அது மக்கத்து ஸம்ஸம் தண்ணி! நாய் கீய் கிடந்ததா இதில?"

றம்லாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "சாஞ்சி கிடந்திரிக்கி."

"அப்ப ஏழு தரம் கழுவு. ஒரு தரம் மண்ணால. இல்லாட்டி என்ட கால் இந்தக் குசினில படாது."

பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டதற்கு, ஈரம் பட்ட இடத்துக்குத்தான் அந்தச் சட்டம், காய்ந்த உடம்போடு சாய்ந்ததற்கு இல்லை என்று சொல்லி அனுப்பினார். ஆனால் நாய் நக்கவில்லை என்று யாருக்குத் தெரியும்? அந்தச் சந்தேகம் ஒரு தடவை வந்த பிறகு றம்லாவால் விட முடியவில்லை. பிள்ளையின் உயிர் மருந்து வைக்கிற பெட்டி.

மண் வேண்டியிருந்தது வேறு ஒன்றுக்கும். பெட்டியை எங்கே வைப்பதென்று அவள் இரண்டு நாள் யோசித்தாள். அடுப்புப் பக்கம் சூடு. யன்னலடியில் உப்புக்காற்று. வாசலடியில் வைத்தால் பிள்ளைகள் இடித்துக்கொள்ளும். மிஞ்சியது கிணற்றடிக் கதவுக்கும் நெல்லுப் பெட்டிக்கும் நடுவிலிருந்த மூலை. வெயில் எட்டாது, பிளக்கும் கிட்ட இருந்தது. ஆனால் சூறாவளி வெள்ளத்தில் அந்த மூலையில் சீமெந்துத் தரை பள்ளம் விழுந்திருந்தது. பெட்டி சாய்ந்து நின்றால் கதவு சரியாகப் பொருந்தாது, குளிர் கசியும் என்று கனகரெத்தினம் எச்சரித்திருந்தார். செங்கல்லால் ஒரு சட்டம் கட்டி உள்ளே மண்ணை இறுக்கி அதன்மேல் வைப்போம் என்றான் முத்தலிப்.

வண்டில்காரர் பக்கீர் முகைதீனிடம் மண்ணுக்குச் சொன்னது றம்லாதான்.

"கடக்கரை மண் வேணாம் காக்கா. சனம் ஒதுங்குற இடம். ஒருத்தரும் மிதிக்காத மண்ணாக் கொண்டு வாங்க."

"ஒருத்தரும் மிதிக்காத மண்ணா?" அவர் கொஞ்சம் யோசித்தார். "இரிக்கி புள்ள. எனக்கு இடம் தெரியும்."

வந்த மண் சீனி மாதிரி வெள்ளையாக இருந்தது. ஒரு குச்சி இல்லை, சிப்பி இல்லை. மண் ஒரு தரம் போதும் என்றாலும், சந்தேகம் வராமலிருக்க ஏழு தரமும் அவள் அதைக் குழைத்து மரத்தட்டுகளின் ஒன்பது குழிவுகளிலும் விரலால் தேய்த்துக் கழுவினாள். எண்ணிக்கை பிசகாமல் இருக்க ஏழு புளியங்கொட்டைகளை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் நகர்த்தினாள். ஆறாவதா ஏழாவதா என்ற இடத்தில் நதீரா கூப்பிட, எழுந்து போய் வந்தவளுக்குச் சந்தேகம் வந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் திருப்பிக் கழுவினாள்.

"எட்டாந்தரம் நான் கழுவட்டா?" என்றான் முத்தலிப். "கரஞ்சி போகும்கா பெட்டி."

மிச்ச மண்ணைச் செங்கற் சட்டத்துக்குள் கொட்டி, மிதித்து இறுக்கி, பெட்டியை மேலே ஏற்றினார்கள். றம்லா பீங்கானில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றி அதன் தலையில் வைத்துப் பார்த்தாள். தண்ணீர் ஒரு பக்கமும் சாயவில்லை. மோட்டர் ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்துவிட்டு, பூனை மாதிரி உறுமத் தொடங்கியது.

மூன்றாம் நாள்தான் அந்த மங்கல்.

அதற்குப் பிறகு அது தினமும் வந்தது. அஸருக்குப் பின் தொடங்கி, பொழுதுபட்டு மஃரிபு வரைக்கும் நிற்கும். றம்லா நேரம் எழுதினாள், அளவு எழுதினாள். கதவின் இறப்பரைத் துடைத்தாள். வெப்பமானியைப் பார்த்தாள்: பன்னிரண்டு. மீன் கழுவிக்கொண்டே, தேங்காய் துருவிக்கொண்டே, ஓரக்கண்ணால் அதைக் கவனித்தாள். நேராகப் பார்த்தால் அது அசையாமல் இருப்பது போலவும், பார்வையை எடுத்ததும் கொஞ்சம் பெருத்துக் கொஞ்சம் சுருங்குவது போலவும் இருந்தது. மோட்டர் அதிர்வில் அப்படித் தெரிகிறது என்று எழுதினாள். பிறகு மோட்டர் ஓய்ந்திருந்த நேரத்திலும் பார்த்தாள். அந்த வரியை வெட்டினாள்.

மரக்குழிவுகளில் மண் துகள் கிடந்தது. சரியாக அலசவில்லைப் போல என்று துடைத்தாள். மறுநாளும் கிடந்தது. ஒரு சிட்டிகை. அதற்கடுத்த நாள் இரண்டு சிட்டிகை. மருந்துக் குப்பி இருந்த குழிவில் மட்டும் ஒன்றும் இல்லை.

ஒரு பின்னேரம் நதீரா பெட்டிக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தாள். அப்படி உட்கார்ந்தால் அவள் முகம் சரியாக அந்த மங்கலுக்கு நேரே வந்தது. கன்னத்தை உப்பி ஊதினாள். கண்ணாடியின் வெளிப்பக்கம் வெள்ளையானது. சிரித்தாள்.

"உம்மா, நான் ஊதினா அதுவும் ஊதுது."

"எது மகள்?"

நதீரா திரும்பிப் பார்த்தாள். அந்தக் கேள்வி அவளுக்கு விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு நல்ல விஷயமும் நடந்தது. அதை நல்ல விஷயம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். தினமும் காலையில் றம்லா பிள்ளையின் சிறுநீரில் எட்டுச் சொட்டெடுத்து, நீல மருந்தோடு குழாயில் விட்டுச் சுடவைத்துப் பார்ப்பாள். சீனி இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும், கூடக்கூட நிறம் மாறும்: பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல். ஒன்றரை வருடக் கொப்பியில் பச்சையும் மஞ்சளும்தான் அதிகம். பெட்டி வந்த இரண்டாம் வாரத்திலிருந்து நீலம். தினமும் நீலம். டொக்டர் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, "கெட்டிக்காரி நீங்க. மருந்து இப்பதான் மருந்தா இருக்கு" என்று ஊசியின் அளவைக் குறைத்தார். அப்போதும் நீலம். பிள்ளை முன்போல் தண்ணீர் கேட்பதில்லை. இரவில் எழும்புவதில்லை. பசிக்குது என்பதில்லை. வெயிலில் விளையாடிவிட்டு வந்தாலும் உள்ளங்கை கிணற்றுக் கயிறு மாதிரிக் குளிர்ந்திருந்தது.

"பாத்தியா, சுத்தமாக் கழுவினத்துட பறக்கத்து" என்றாள் நபீஸா. முதலில் காலே படாது என்றவள் இப்போது அந்தப் பெட்டியில் தன் வட்டிலப்பச் சட்டியை வைத்து எடுத்தாள்.

றம்லா சந்தோசப்பட முயன்றாள். கொப்பியின் ஒரே நிறப் பக்கங்களைப் பார்த்துவிட்டு, குழாயைக் கழுவி இன்னொரு தடவை சுடவைத்தாள்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. விளக்குப் போடும் நேரத்தில் ஊர் முழுவதும் ஒன்றாகச் சுவிட்சைத் தட்ட, பல்புகள் மங்கி, சில நாள் கரண்ட் அப்படியே போய்விடும். சூறாவளிக்குப் பிறகு நட்ட கம்பங்கள் அவ்வளவுதான் தாங்கும். அன்றும் போனது. நதீரா பாயில் இருந்து பொம்மைக்குச் சட்டை போட்டுக்கொண்டு கதைத்துக்கொண்டிருந்தாள். "உம்மா, பெரியும்மாட வெள்ளக்கோழி முட்டை..." என்றாள். பேச்சு அங்கே நின்றது.

இருட்டில் தடவிப் போய்ப் பிடித்தாள் றம்லா. பிள்ளை பக்கவாட்டில் சரிந்திருந்தாள். உடம்பு சில்லென்றிருந்தது. சீனி இறங்கிவிட்டது என்று நினைத்துச் சீனித்தண்ணீர் கரைத்து வாயில் ஊற்றினாள். தண்ணீர் உள்ளே போகாமல் கடைவாயால் வழிந்தது. மறுபடி ஊற்றினாள், மறுபடி வழிந்தது. எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியாது. கொப்பியில் 'பத்து நிமிசம்?' என்று கேள்விக்குறியோடுதான் எழுதினாள். திடீரென்று பல்பு எரிந்தது. மூலையில் மோட்டர் சிலிர்த்தது.

"...போட்டிரிக்கி" என்றாள் நதீரா. பொம்மையின் சட்டையைத் தேடினாள். "எங்க உம்மா கண்டீங்களா?"

அன்றிரவு பயத்தில் ஊசி போடவில்லை. விடிந்ததும் குழாயை விளக்கில் பிடித்தாள். மருந்து போடாத பிள்ளைக்குச் செங்கல் நிறம் வர வேண்டும். வந்திருந்தால் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லியிருப்பாள்.

நீலம்.

முத்தலிப்பிடம் சொன்னாள். அவன் முதலில் சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான். "வருத்தம் கொறையிது எண்டுதான் எனக்குத் தெரியிது. ஒங்களுக்கு நல்லது நடந்தாலும் சந்தேகம்." இறக்காமத்துப் பக்கம் வயலில் யானை இறங்குகிறது, இரண்டு நாள் காவலுக்குப் போக வேண்டும் என்றான். வந்ததும் டொக்டரிடம் போவோம் என்றான்.

அவன் போன மறுநாள் மத்தியானம் லுஹருக்குப் பின், நபீஸா வீட்டுக்கு மண் இறக்க வந்த பக்கீர் முகைதீன் வேலியடியில் நின்று தண்ணீர் கேட்டார். செம்பை நீட்டும்போது றம்லா சும்மாதான் கேட்டாள்.

"இது எங்கத்த மண் காக்கா?"

"இது ஆத்து மண். ஒங்களுக்குத் தந்தது வேற. நீங்க ஒருத்தரும் மிதிக்காத மண் எல்லோ கேட்டீங்க." அவர் தலையை நிமிர்த்தித் தண்ணீரை ஊற்றிக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார். "சூறாவளியில மையவாடிட கடப்பக்கச் சுவர் உழுந்து மண் வெளிய பறந்து கும்பலா நிண்டிச்சி. அங்க ஆர் மிதிக்கிற? வெள்ள வெளேரெண்டு இருந்திச்சா இல்லியா?"

"எந்தப் பக்கம்?"

"அதான் கடப்பக்கம். சின்னப் புள்ளையள அடக்கம் செய்யிற வரிசை." அவர் செம்பைத் திருப்பிக் கொடுத்தார். றம்லா அதைப் பிடிக்கவில்லை. அது விழுந்து உருண்டது.

கழுவியது அந்த மண்ணால். ஏழு தரம். திருப்பி இன்னொரு ஏழு. ஒவ்வொரு குழிவிலும் விரலை விட்டு, நன்றாகப் பதியும்படி, பிஸ்மி சொல்லித் தேய்த்தது.

அஸர் தொழுதாளா இல்லையா என்று அவளுக்கு நினைவில்லை. நதீராவை வேலியைத் தாண்டி நபீஸாவிடம் அனுப்பினாள். பெட்டியைத் தள்ள வேண்டும். சட்டத்தை உடைத்து மண்ணை அள்ள வேண்டும், ஒரு துகள் விடாமல் அள்ளிக்கொண்டுபோய் எடுத்த இடத்தில் போட வேண்டும். அவ்வளவுதான். ஒழுங்காகச் செய்தால் சரியாகிவிடும். பழைய மண்முட்டிக்கு ஈரத்துணி சுற்றினாள். மருந்தை எடுக்கக் கதவைத் திறக்கக் குனிந்தாள்.

குழிவுகளில் இப்போது சிட்டிகைக் கணக்கில் இல்லை. எட்டுக் குழிவுகளிலும் மண் நிறைந்து, நீளவாக்கில், நடுவில் முதுகு போல உயர்ந்து குவிந்திருந்தது. ஒவ்வொன்றும் ஒரு முழங்கை நீளம். ஒருவர் பக்குவமாக அணைத்துவிட்டது போல. மருந்துக் குப்பி கிடந்த ஒன்பதாவது மட்டும் வெறுமையாக இருந்தது.

குப்பியை எடுத்தாள். கதவைச் சாத்தினாள். சுவரில் பிளக்கைப் பிடித்து இழுத்தாள்.

மோட்டர் நின்றது. அதுவரை அந்த உறுமல் வீடு முழுக்க இருந்தது அது நின்றபோதுதான் தெரிந்தது. கண்ணாடியின் மங்கல், தட்டளவு, அப்படியே நின்றது. பிறகு ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கியது. மெதுவாக. கோப்பை வாயளவு. கண்ணாடி துலங்கத் துலங்க அவளுக்கு மூச்சு வந்தது. போகிறது. போய்விடும்.

"றம்லா! றம்லா, ஓடி வாடி! புள்ள உழுந்திட்டு!"

நபீஸா வேலிக்கடவையால் ஓடி வந்தாள். இரண்டு கையிலும் நதீரா. கைகால்கள் தொங்கின. "சும்மா கதைச்சிட்டு இரிந்தவடி. மாவுச் சட்டிய எட்டிப் பாத்து, அப்படியே... சீனி கரை! என்ன பாத்துட்டு நிக்காய், சீனியக் கரைடி!"

றம்லா பிள்ளையைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தாள். ஐம்பது சதக் குத்தியளவு. இருபத்தைந்து சதக் குத்தியளவு.

பிளக்கை எடுத்தாள். கை வழுக்கியது. துளை அகப்படவில்லை. அகப்பட்டது. மோட்டர் சிலிர்த்தது.

ஒரு பொட்டளவில் நின்ற மங்கல் விரிந்தது.

"...அப்பமா பெரியும்மா சுடுறீங்க?" என்றாள் நதீரா.

நபீஸா பிள்ளையை நெஞ்சோடு அணைத்து அழுதாள், படைத்த றப்புக்கு நன்றி சொன்னாள், கரைக்கப்படாத சீனித்தண்ணீரைப் புகழ்ந்தாள். பள்ளிவாசலில் மஃரிபுக்கு வாங்கு சொன்னது. தொழுதுவிட்டு வருகிறேன், இவளை மடியை விட்டு இறக்காதே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

றம்லா இறக்கவில்லை. பெட்டிக்கு முன்னால் தரையில் இருந்து, மகளை மடியில் வைத்துக்கொண்டாள். தலைக்கு மேல் பல்பு எரிந்தது. ஒன்றை மட்டும் பார்த்துவிட வேண்டும். ஒரே ஒரு தடவை. தன் வாயைக் கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுபோய் ஊதினாள். வெளிப்பக்கம் வெள்ளையாகிப் பின் மறைந்தது. சரி.

"மகள், நீங்க ஊதுங்க."

நதீரா கன்னத்தை உப்பினாள். உதட்டைக் குவித்தாள். கண்ணாடியைத் தொடுமளவு கிட்ட வந்து ஊதினாள்.

வெளிப்பக்கம் துடைத்துவைத்தது போல இருந்தது.

உள்பக்கம் வெள்ளை விரிந்தது.

"இன்னொருக்கா."

உள்பக்கம்.

அவள் உள்ளங்கையைப் பிள்ளையின் வாய்க்கு முன்னால் பிடித்தாள். ஒன்றும் படவில்லை. மூக்குக்கு முன்னால் பிடித்தாள். நெஞ்சின் மேல் வைத்தாள். நெஞ்சு உயர்ந்து தாழ்ந்தது. அது உயரும்போது கண்ணாடியில் மங்கல் சுருங்கியது. தாழும்போது விரிந்தது. பெட்டி வந்த நாளிலிருந்து கரண்ட் இரவில் எத்தனை தடவை போயிருக்கும் என்று நினைத்தாள். பிள்ளை தூங்குகிறாள் என்று பக்கத்தில் எத்தனை தடவை சும்மா படுத்திருந்தாள்.

"கைய எடுங்க உம்மா" என்றாள் நதீரா. "ஒங்கட கை சுடுது."

காற்று கூடியது. எங்கோ ஓர் ஓடு சரிந்து உடைந்தது. ஊரில் விளக்குப் போடும் நேரம். பல்பு மங்கியது. றம்லா நிமிர்ந்து பார்த்தாள். அது சிவந்து, கம்பி மட்டும் தெரிந்து, மறுபடி வெளுத்தது. மறுபடி சிவந்தது. அவள் ஒரு கையால் பிளக்கைச் சுவரோடு அமர்த்திப் பிடித்தாள். அழுத்திப் பிடித்தால் போதும் போல.

சந்திப் பக்கம் வெடி போட்டது போல ஒரு சத்தம். யன்னலில் நீல வெளிச்சம் ஒன்று எழுந்து விழுந்தது. தெருவில் யாரோ கத்தினார்கள்: "கம்பம் உழுந்திட்டு! ஒருத்தரும் கிட்டப் போகாதீங்க!"

பிறகு இருட்டு. மோட்டர் இல்லை.

அடுப்புத் தணலின் செம்மையில் கண்ணாடி மட்டும் தெரிந்தது. அதன் உள்பக்கத்தில், பிள்ளையின் முகத்துக்கு நேரே, தட்டளவு வெள்ளை. றம்லா வாயைக் கண்ணாடியில் வைத்து ஊதினாள். மூச்சு முட்ட, நிறுத்தாமல் ஊதினாள். அவளுடைய வெள்ளை வெளிப்பக்கம் பூத்து மறைந்தது, பூத்து மறைந்தது. அதற்குப் பின்னால் மற்றது ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது.

கோப்பை வாயளவு.

மடியில் பிள்ளையின் தலை மெல்லச் சாய்ந்து, அவள் முழங்கையில் வந்து கனத்தது.

குத்தியளவு.

உள்ளே, நடுத்தட்டில், வெறுமையாக இருந்த ஒன்பதாவது குழிவுக்குள் மண் உதிரும் சத்தம் கேட்டது.